வலக்கையில் காப்பி, இடக்கையில் மடல்

வலக்கையில் தாள் கோப்பை நிறையக் காப்பி. இடக்கையில் போன். கட்டைவிரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நெவேனா இன்றும் ஒரு புது ஆளாகப் பதிவு செய்துகொள்கிறாள். இன்றைய பெயர் வெள்ளரிக்காய் இவானோவா. நேற்று வெங்காயம் இவானோவா. சோதனைக்குப் பெயர் வேண்டுமென்றால் அவள் நினைவு மனிதர்களிடம் போவதில்லை, நேரே சாலட் கிண்ணத்துக்குப் போகிறது. பதிவு முடிந்ததும் ஒரு வாய் உறிஞ்சுகிறாள். போன் சிணுங்குகிறது. வந்த மின்னஞ்சலைத் திறந்து பச்சைப் பட்டனை ஒரே ஒரு முறை தட்டுகிறாள். தளம் திறந்துகொள்கிறது. கோப்பை கீழே இறங்கவில்லை. இனி அன்றைய வேலையைத் தொடங்கலாம்.

"கப்பைக் கீழ வெச்சாத்தான் முடியும்னா அது மெயில் இல்ல, மனு," என்பாள்.

டான்யூப் ஆற்றங்கரை நகரமான ருசேயில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஒரு பல் மருத்துவருக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். சின்ன நகராட்சிகளுக்கும் நூலகங்களுக்கும் நீச்சல் குளங்களுக்கும் இணையதளம் செய்துகொடுக்கிறார்கள். எந்தத் தளத்தில் யார் புதிதாகப் பதிந்தாலும், "இந்த முகவரி உங்களுடையதுதானா?" என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் போகும். அதைச் செய்பவள் நெவேனா. பதினோரு வருடமாக அது ஒன்றுதான் வேலை. வாழ்நாளில் ஒரே ஒரு முறை, அதுவும் நான்கு நொடி பார்த்துவிட்டு எல்லோரும் மறந்துபோகும் ஒரு கடிதத்துக்கு ஒரு ஆளா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்டவர்களை அவள் தன் மேசைக்கு அழைத்துப்போய் இழுப்பறையைத் திறந்து காட்டுவாள்.

உள்ளே ஒன்பது பழைய போன்கள், திரை விரிசல் விட்டவை உட்பட. ஒரு மடிக்கணினி, அதன் மூடியில் யாரோ ஒரு பிள்ளை ஒட்டிய வாத்துப் படம். ஒவ்வொன்றும் ஒரே மின்னஞ்சலை ஒவ்வொரு விதமாகக் காட்டும். ஒன்று படங்களை மறைக்கும். ஒன்று இருட்டுத் திரையில் எழுத்தையும் சேர்த்து இருட்டாக்கும். அலுவலகங்களில் ஓடும் ஒரு பழைய அஞ்சல் நிரல் இருக்கிறது; அது எச்.டி.எம்.எல். பக்கத்தைத் தட்டச்சுக் காகிதமாக நினைத்துக்கொண்டு பட்டனின் வளைந்த மூலைகளைச் சதுரமாக வெட்டும். அதனால் மற்ற எல்லோரும் என்றோ கைவிட்ட முறையில், கட்டத்துக்குள் கட்டம், அதற்குள் இன்னொரு கட்டம் என்று அடுக்கித்தான் அவள் கடிதம் செய்கிறாள். "ஸ்டைல் எல்லாம் வெப்சைட்டுக்கு. மெயிலுக்குக் கட்டம். படம் வராத வீட்டுலயும் பட்டன் வந்தாகணும்." பட்டனே வராத வீட்டுக்கு வெறும் எழுத்தால் ஆன பிரதி ஒன்று கூடவே போகும். தலைப்பு வரி உடைந்து கேள்விக்குறியும் கொக்கியுமாக வந்தால் அதற்கு இங்கே குரங்கெழுத்து என்று பெயர். அவள் கையிலிருந்து குரங்கெழுத்து போய் ஒன்பது வருடம் ஆகிறது. கடைசியாகப் போன நாளையும் சொல்வாள்.

உயரமான பெண்மணி. எந்தப் பருவத்திலும் கம்பளி அரைச்சட்டை. வாய் சும்மா இருக்கக் கூடாது. சூரியகாந்தி விதை கொறித்தபடி, தொலியைத் தயிர் டப்பாவில் துப்பிக்கொண்டிருப்பாள். கணவர் டான்யூபில் சரக்குப் படகு எந்திரக்காரர்; பாதி மாதம் ஆற்றில். தெருவில் நடக்கும்போது கட்டிட வாசல்களில் ஒட்டியிருக்கும் இறப்பு அறிவிப்புகளின் முன் நிற்பாள். மற்றவர்கள் அதிலுள்ள முகத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். அவள் காகிதத்தின் விளிம்பைப் பார்ப்பாள். "பாவம், நல்ல மனுஷன். ஓரம் விடாம அடிச்சுட்டாங்களே."

தன் வேலையைப் பற்றி அவளுக்கு இருக்கும் கருத்து தெளிவானது. அதைக் கேட்கும்போது, மனிதனை மனிதன் அறிவது எப்படி என்று தடித்த புத்தகங்களில் படித்தது எல்லாம் கொஞ்சம் சுற்றி வளைப்பதாகத் தோன்றும். "நீங்க நல்லவரா, கெட்டவரா, சொன்ன பேரு உண்மையா, எனக்கு எதுவும் வேண்டாம். இந்தப் பெட்டி உங்க கையில இருக்கா? இருந்தா ஒரு தட்டு தட்டுங்க. அவ்வளவுதான்." அந்தத் தட்டு ஒரு மனிதரின் ஆமாம். அதைச் சேகரிப்பது தன் வேலை. இந்த நம்பிக்கையில் பெருமை உண்டு. பெருமை கண்ணை மறைக்கும் இடமும் அதற்குள்ளேயே இருந்தது.

இன்னொரு பிடிவாதம், பதில் முகவரி. இதுபோன்ற மின்னஞ்சல்களின் அடியில், 'இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்று போடுவது உலக வழக்கம். நெவேனா போடமாட்டாள். முதலாளி ஸ்டோய்மென் அவளைவிடப் பத்து வயது சின்னவர். வருடத்துக்கு ஒரு முறையாவது இதை எடுப்பார்.

"நெவே, அந்தப் பதில் பெட்டியை மூடேன். ஜனங்க 'நன்றி'ன்னு எழுதறாங்க. 'நீ யாரு'ன்னு எழுதறாங்க. ஒருத்தர் தக்காளி நாத்து விக்கறேன்னு எழுதியிருக்கார்."

"வாங்கிட்டேன். நல்ல நாத்து."

"அது இல்ல விஷயம்."

"ஒரு ஆளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டுட்டு அவர் வாயைப் பொத்தறது மரியாதையா, ஸ்டோய்மென்?"

எதிர் மேசையில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ட்ரயான் இந்தச் சண்டை ஓயும்வரை காதில் எதையாவது மாட்டிக்கொள்வான்.

இந்த வசந்தத்தில் பக்கத்து ஊர் நகராட்சி ஒன்று மழலையர் பள்ளிச் சேர்க்கைக்குத் தளம் கேட்டது. இடம் குறைவு, பிள்ளைகள் அதிகம். புள்ளி பார்த்து, பிறகு குலுக்கல். வேலைக்குப் போகும் பெற்றோருக்குக் கூடுதல் புள்ளி. அலுவலக மின்னஞ்சல் முகவரியிலிருந்து பதிந்தால் அதுவே வேலைக்குச் சான்று என்று நகராட்சி ஒரு வசதி செய்திருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய வியாழன் மாலை ஐந்து மணிக்குத் தளம் மூடும்.

நெவேனா இதற்கென்று தன் பதினோரு வருடத்தின் சிறந்த கடிதத்தைச் செய்தாள். பிள்ளையைத் தூக்கியிருக்கும் தாய்க்கு ஒரு கைதானே இருக்கும்? ஆகவே எல்லாம் ஒரே தட்டில். பச்சைப் பட்டனைத் தட்டியதும் முகவரி உறுதியாகும், அதே நொடி விண்ணப்பம் திறக்கும், கடவுச்சொல்லை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். லிங்க் ஒரு முறைதான் வேலை செய்யும். அதன்பின் வேறு யார் கையில் கிடைத்தாலும் பயன்படாது. 'ஒரு தட்டு போதும்' என்று பட்டனுக்குக் கீழே ஒரு வரி. அந்த வரி அவள் எழுதியது.

குருத்தோலை ஞாயிறு, பூப்பெயர் வைத்த எல்லோருக்கும் பெயர் நாள்; பிறந்த நாள் போலக் கொண்டாடுவார்கள். நெவேனா என்பதும் பூவின் பெயர். திங்கட்கிழமை சாக்லேட் பெட்டியோடு மேசை மேசையாக வந்தாள்.

"உயிரும் ஆரோக்கியமுமா இரு, நெவே," என்றார் ஸ்டோய்மென். "நாப்பத்தேழு வயசுப் பூ."

"வாடாத பூ. ரெண்டா எடுத்துக்கோ, ஒண்ணு பல்லுக்குக்கூடப் பத்தாது." பெட்டியை அவர் மேசையில் வைத்துவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினாள். "இதையும் பாரு. அந்த ஊர் ஆஸ்பத்திரிக்காரங்க. அறுபது பேர் பதிஞ்சிருக்காங்க. மெயில் போன ரெண்டாவது செகண்ட்ல தட்டியிருக்காங்க. ஒருத்தர் பாக்கி இல்ல. ரெண்டு செகண்ட்!"

"ரெண்டு செகண்ட்ல எங்கம்மாவுக்குக் கண்ணாடியே கிடைக்காதுக்கா," என்றான் ட்ரயான்.

"உங்கம்மா நர்ஸ் இல்லடா. இவங்க கை அப்படி."

காகிதத்தைத் தன் மேசை விளக்கில் செருகிவைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் பதில் பெட்டியில் ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவள் ஆல்பேனா என்ற அறுவை அரங்குச் செவிலி. 'நான் தட்டும்போது இந்த லிங்க் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்கிறது. புதிய லிங்க் கேட்டேன், அதுவும் அப்படியே. மறுபடி பதிந்தால் இந்த முகவரி ஏற்கெனவே உள்ளது என்கிறது. உள்ளே போகலாம் என்றால் கடவுச்சொல் கேட்கிறது. எனக்குக் கடவுச்சொல்லே யாரும் தரவில்லை. யார் பயன்படுத்தியது என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.'

நெவேனா பட்டியலைப் பார்த்தாள். ஆல்பேனாவின் முகவரி அன்று காலையிலேயே உறுதியாகியிருந்தது. 'நீங்கள் ஏற்கெனவே ஒரு முறை தட்டியிருக்கிறீர்கள். நினைவுபடுத்திப் பாருங்கள்' என்று பதில் எழுதினாள். மரியாதையான பதில். ஆனால் தன் கடிதத்தைச் சந்தேகிப்பதைவிட முன்பின் தெரியாத ஒருத்தியின் நினைவைச் சந்தேகிப்பது அவளுக்கு எளிதாக இருந்தது.

ஆறு நிமிடத்தில் மறுமொழி வந்தது. அதில் ஒரு தொலைபேசி எண் மட்டும்.

"நீங்கதான் அந்தப் பட்டன்காரங்களா?" என்றது குரல்.

"நான்தான்."

"சந்தோஷம். நான் சொல்றதைக் கேளுங்க. காலைல ஒன்பது பதினாலுக்குத் துணி மாத்தற ரூம்ல நின்னு போன்ல பதிஞ்சேன். பதிஞ்ச கையோட போனை அலமாரில வெச்சுப் பூட்டிட்டு தியேட்டருக்குள்ள போனேன். ஒரு மணிக்குத்தான் வெளிய வந்தேன். நாலு மணி நேரம் என் ரெண்டு கையும் ஒரு மனுஷன் வயித்துக்குள்ள இருந்தது. எந்தக் கையால தட்டினேன்னு நினைவுபடுத்திப் பாக்கணும்?"

நெவேனா பட்டியலை மறுபடி திறந்தாள்.

"எனக்கு மட்டும் இல்லம்மா. இங்க எல்லாருக்கும் இதே கதைதான். எக்ஸ்ரே ரூம்காரி அழுதுட்டா. நகராட்சிக்கு ஆஸ்பத்திரி மேல ஏதோ கோவம்னு வார்டுல பேசிக்கறாங்க. வியாழக்கிழமையோட மூடறாங்க. பையனுக்கு மூணு வயசு. அவன் அப்பா ஜெர்மனியில லாரி ஓட்டறார். இடம் கிடைக்கலன்னா நான் வேலையை விடணும், அவ்வளவுதான். வேற யாரும் இல்ல எனக்கு."

"கொஞ்சம் லைன்ல இருங்க," என்றாள் நெவேனா.

ஆல்பேனாவின் வரியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மின்னஞ்சல் போனது ஒன்பது பதினாலு, பூஜ்ஜியம் வினாடி. தட்டியது ஒன்பது பதினாலு, இரண்டாம் வினாடி. அந்த இரண்டாம் வினாடியில் ஆல்பேனா அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அறுவை அரங்கின் செவிலி, எக்ஸ்ரே அறைக்காரி, துணி துவைக்கும் பிரிவின் பெண்கள், ஒரு காது மருத்துவர் — நேற்றைய அறுபது பேரோடு ஆல்பேனாவையும் சேர்த்து அறுபத்தொரு பேரும் ஒரே இரண்டாம் வினாடியில். மனிதர்கள் அப்படித் தட்டமாட்டார்கள். மனிதர்கள் பால் பொங்கியதும் ஓடுவார்கள், கண்ணாடி தேடுவார்கள், மறந்துபோய் மறுநாள் தட்டுவார்கள்.

"இதை நான் பாத்துக்கறேன்," என்றாள் போனில். "நீங்க தட்டல. தப்பா எழுதிட்டேன், மன்னிச்சிடுங்க."

மருத்துவமனைக்குள் நுழையும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் ஒரு காவல் நிரல் முதலில் பிரித்துப் பார்க்கிறது. உள்ளே லிங்க் இருந்தால் தானே ஒரு முறை போய்த் திறந்து, விஷம் எதுவும் இல்லையென்று தெரிந்த பிறகே உரியவரிடம் விடுகிறது. நெவேனாவின் கதவு ஒரே முறை திறக்கும் கதவு. காவலன் திறந்தான், கதவு சாத்திக்கொண்டது. கடிதம் செய்வதில் இவ்வளவு தேர்ந்தவள் அல்லாமல் வேறு யாரும் செய்திருக்க முடியாத தவறு. இரண்டு தட்டு வைத்திருந்த சோம்பேறி ஒருவனுக்கு இது நடந்திருக்காது.

ட்ரயான் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, அப்ப அது நர்ஸோட கை இல்ல," என்றான்.

"தெரியுதுடா. வாயை மூடு."

விதைத் தொலி டப்பா அன்று முழுவதும் நிறையவில்லை.

ஸ்டோய்மென் வந்து நின்று கேட்டார். அவருக்கு வழி சுலபமாகத் தெரிந்தது. "சொந்த முகவரியில பதியச் சொல்லிடு."

"அலுவலக முகவரிக்குத்தான் புள்ளி. அது இல்லாம குலுக்கல்ல கடைசில நிப்பாங்க."

"சரி, அறுபத்தோரு பேரும் உறுதியாத்தானே இருக்காங்க. ஆளுக்கு ஒரு கடவுச்சொல்லை அனுப்பிடு. அஞ்சு நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது."

"யாரு உறுதி பண்ணாங்க?"

"நெவே, அவங்க நிஜமான ஜனங்க. ஆஸ்பத்திரி நிஜம். இதுல என்ன—"

"அவங்க ஆமான்னு சொல்லல. மெஷின் சொன்னது. மெஷின் சொன்ன ஆமா என்கிட்ட செல்லாது. நாளைக்கு இதே மாதிரி யாரோ ஒருத்தர் இன்னொருத்தர் முகவரியை எழுதினாலும் காவல்காரன் திறந்து ஆமாம்பான். அப்புறம் நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?"

ட்ரயானிடம் சொல்லி அறுபத்தொரு உறுதிகளையும் அழித்தாள். அந்த வெற்றிப் பட்டியல், அவள் வாயாலேயே, ஒரு சொல்லில் போயிற்று. பிறகு இருவரும் உட்கார்ந்து மாற்றினார்கள். இனி பச்சைப் பட்டன் எதையும் உறுதி செய்யாது, ஒரு பக்கத்தைத் திறக்கும், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் இன்னொரு பட்டன்: 'ஆம், இது என் முகவரி.' காவல் நிரல் வாசல்வரை வரும், எட்டிப் பார்க்கும், போய்விடும். உள்ளே வந்து அழுத்துவது மனிதர் மட்டும்.

'ஒரு தட்டு போதும்' என்ற வரியை அவளே எடுத்தாள். எடுத்த இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அறுபத்தொரு பேருக்கும் போகவேண்டிய கடிதத்துக்கு ஸ்டோய்மென் ஒரு தொடக்கம் சொன்னார்: 'சில தொழில்நுட்பக் காரணங்களால்.' அவர் முன்னாலேயே அதை அடித்துவிட்டு அவள் எழுதியது இது: 'தவறு எங்களுடையது. உங்கள் லிங்கை நீங்கள் தட்டவில்லை. உங்களுக்கு முன்னால் ஒரு இயந்திரம் தட்டியது. அதை உங்கள் விரல் என்று நான் நினைத்துக்கொண்டேன். கீழே புதிய பட்டன் இருக்கிறது. வேலை செய்யாவிட்டால் இதே கடிதத்துக்குப் பதில் எழுதுங்கள், நான் படிப்பேன். நெவேனா.'

ஆனால் அவள் இழுப்பறையின் ஒன்பது போன்களுக்கும் முன்னால் காவலன் கிடையாது. காவலனைத் தாண்டிச் சோதிக்க ஒருத்தியால்தான் முடியும். புதன்கிழமை காலை, முதல் கடிதம் ஆல்பேனாவுக்கு மட்டும் போனது. அன்றும் அவளுக்கு அறுவை. இரண்டாம் வினாடியில் யாரோ வாசலுக்கு வந்துபோனதைச் சர்வர் காட்டியது. பக்கம் திறந்தது, உறுதியாகவில்லை. பத்து மணி, பதினொன்று. மூன்று பேரும் சீஸ் வைத்துச் சுட்ட பனிட்ஸா வாங்கிவந்து பிரிக்காமல் ஆறவிட்டார்கள். ஒன்றே காலுக்கு நெவேனாவின் போன் அடித்தது.

"திறந்துடுச்சு," என்றாள் ஆல்பேனா. குரல் தாழ்ந்திருந்தது. "பையன் பேரைக் கேக்குது."

"அப்ப எழுதுங்க," என்றாள் நெவேனா.

எழுதி முடிக்கும்வரை இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. தட்டுத் தட்டாக விசை ஒலி மட்டும் கேட்டது. பிறகு, "போயிடுச்சு. மத்தவங்களுக்கும் அனுப்புங்க, வார்டே காத்துக்கிட்டிருக்கு," என்றாள் ஆல்பேனா.

வியாழன் மாலை நான்கரைக்குள் அறுபத்தொரு விண்ணப்பங்களும் வந்துவிட்டன. கடைசி எக்ஸ்ரே அறைக்காரியுடையது. குலுக்கல் நெவேனாவின் வேலை இல்லை. அவள் தட்டிய நேரங்களை மட்டும் அச்செடுத்தாள். பதினோரு நிமிடம். நாற்பது நிமிடம். மூன்று மணி ஏழு நிமிடம். ஒரு நாள் ஒன்றரை மணி. இரண்டு வினாடி ஒன்றுகூட இல்லை. பழைய காகிதத்தை விளக்கிலிருந்து எடுத்துவிட்டு இதைச் செருகினாள்.

ஸ்டோய்மென் மேலங்கியை மாட்டிக்கொண்டு வந்தார். ஈஸ்டர் விடுமுறை தொடங்குகிறது. வீட்டில் முட்டைக்குச் சாயம் தோய்க்க வேண்டும். கதவருகில் நின்றார்.

"நெவே. பதில் பெட்டியை மூடச் சொன்னேன்னு வெளிய யாருகிட்டயும் சொல்லாத."

"எத்தனை தடவை சொன்னேன்னு மட்டும் சொல்றேன்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். ட்ரயான், "அக்கா, ஈஸ்டர் முட்டையை மோதி உடைக்கற போட்டியிலயும் நீதான் ஜெயிப்பியாமே," என்றான்.

"என் முட்டை உடையாதுடா. முதல்லயே ஓட்டைத் தட்டிப் பாத்துத்தான் எடுப்பேன்," என்று சொல்லிவிட்டு, சொன்னதைத் தானே ஒரு முறை யோசித்ததுபோலச் சற்று நின்றாள்.

விடுமுறை கழிந்த செவ்வாய்க்கிழமை. காலை எட்டு ஐம்பது. கீழே தானியங்கியிலிருந்து பிடித்துவந்த காப்பி வலக்கையில், போன் இடக்கையில். இன்றைய பெயர் முள்ளங்கி இவானோவா. பதிந்தாள், ஒரு வாய் உறிஞ்சினாள். போன் சிணுங்கியது. மின்னஞ்சலைத் திறந்து பச்சைப் பட்டனைத் தட்டினாள். பக்கம் திறந்தது. நடுவில் ஒரே வரி, ஒரே பட்டன்: ஆம், இது என் முகவரி.

கட்டைவிரல் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நெவேனா கோப்பையை மேசைமேல் வைத்தாள். வலக்கையைக் கம்பளிச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் அழுத்தினாள்.